மாஸ்டர் ஹண்டருக்கு மட்டும் தனி வேட்டையா? வாஷிங்டன் மாநில எல்க் பெர்மிட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நான் வேட்டை உரிமம் எடுத்த நாளிலிருந்து, தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள், அலுவலகத்தில் கேட்பார்கள், வேட்டைக் கல்வி வகுப்பு முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது பின்னாலேயே வந்து கேட்பார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் மனக்குறை ஒன்று உண்டு. "மாஸ்டர் ஹண்டர்" என்ற மேல்நிலைச் சான்று வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சில எல்க் வேட்டைகளை மாநிலம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இது நியாயமா என்பதுதான் அது.

கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். என்னிடமும் அந்தச் சான்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள். பருவத் தேதிகளும் பகுதி எல்லைகளும் ஆண்டுதோறும் மாறும் என்பதால், அவற்றுக்கு மாநில மீன், வனவிலங்குத் துறையின் நடப்பு விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

எல்க்னா என்ன மிருகம்? மான்தானே, அதை ஏன் சுடணும்?

மான்தான், ஆனால் புள்ளிமான் அளவில் நினைக்காதீர்கள். கடமானைப் பார்த்திருந்தால் ஓரளவு பிடிபடும். வளர்ந்த பெட்டையே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆண் 300 கிலோவைத் தாண்டும். வாஷிங்டனில் இவற்றைப் பத்து மந்தைகளாகப் பிரித்துக் கணக்கு வைக்கிறார்கள். கடலோரத்து ஈரக் காடுகளில் ரூஸ்வெல்ட் எல்க், கேஸ்கேட் மலைகளுக்குக் கிழக்கே ராக்கி மலை எல்க். யாக்கிமா பக்கத்து மந்தை, 1913இல் யெல்லோஸ்டோன் வட்டாரத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழி வந்தது.

சுடுவதற்கு முதல் காரணம் இறைச்சி. ஒரு பெட்டை எல்க் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்களுக்கு வேறு இறைச்சி வாங்க வேண்டாம். இரண்டாவது காரணம்தான் இந்தப் பக்கத்துக்கே அடிப்படை. மலையில் பனி மூடியதும் எல்க் கீழே இறங்கும். அவை குளிர்காலத்தைக் கழிக்கத் தோதான பள்ளத்தாக்குகள் இன்று பழத்தோட்டங்களாகவும் வைக்கோல் வயல்களாகவும் இருக்கின்றன.

சாதாரண லைசென்ஸுக்கும் மாஸ்டர் ஹண்டருக்கும் என்ன வித்தியாசம்?

1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்த யாரும் இங்கே வேட்டைக் கல்வி முடிக்காமல் உரிமம் வாங்க முடியாது. துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வது, சட்டம், விலங்கை அடையாளம் காண்பது, காட்டு நடத்தை என்று ஒரு அடிப்படைப் படிப்பு. பத்து வயதுப் பிள்ளைகள்கூட அப்பா அம்மாவோடு உட்கார்ந்து தேர்வு எழுதித் தேறுகிறார்கள்.

மாஸ்டர் ஹண்டர் அதற்கு மேல் ஒரு படி. முன்பு "மேம்பட்ட வேட்டைக் கல்வி" என்ற பெயரில் இருந்த திட்டம்தான் இப்படி மாறியது. விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பின்னணிச் சோதனையில் தேறி, எழுத்துத் தேர்வும் சுடும் திறன் சோதனையும் முடித்து, 20 மணி நேரம் தொண்டு வேலை செய்து, நெறிமுறை உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். வேட்டைச் சட்டத்தைக் கடுமையாக மீறியவர்களுக்குக் கிடைக்காது. கிடைத்த பிறகு மீறினால் போய்விடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

லைசென்ஸ் இருக்கு, டேக்கும் வாங்கியாச்சு. அப்புறம் எதுக்குத் தனியா ஸ்பெஷல் பெர்மிட்?

டேக் என்பது ஒரு விலங்கைச் சுட்டு எடுத்துக்கொள்ள வாங்கும் சீட்டு. அதை வாங்கினால் எல்லாருக்கும் திறந்திருக்கும் பொதுப் பருவத்தில் போகலாம். ஆனால் பல பகுதிகளில் பொதுப் பருவம் என்றால் இளம் ஆண் எல்க் மட்டும், அதுவும் சில நாள்கள் மட்டும். பெட்டையைச் சுடவோ, பெரிய கொம்புள்ள ஆணைச் சுடவோ சிறப்புப் பெர்மிட் வேண்டும். பெட்டைகளின் எண்ணிக்கைதான் மந்தை வளருமா தேயுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் எத்தனை பெட்டை என்பதைத் துறை எண்ணி எண்ணித்தான், அதுவும் குலுக்கல் போட்டுத்தான் கொடுக்கும்.

குலுக்கல்ல எனக்கு எட்டு வருஷமா விழவே இல்ல. அது எப்படித்தான் நடக்குது?

ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம், ஜூனில் முடிவு. விழாத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி சேரும். அந்தப் புள்ளியை அதனாலேயே பெருக்கி அத்தனை சீட்டு உங்கள் பெயரில் போடுவார்கள். 3 புள்ளி என்றால் 9 சீட்டு, 8 புள்ளி என்றால் 64. விழுந்துவிட்டால் அந்த வகையில் புள்ளி மீண்டும் பூஜ்யம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆண் எல்க், பெட்டை எல்க், இளையோர், 65 வயதுக்கு மேற்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், மாஸ்டர் ஹண்டர் என்று வகைகள் தனித்தனி. ஒரு வகையில் சேர்த்த புள்ளி இன்னொன்றில் செல்லாது. எட்டு வருடம் காத்திருந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் வருடமே மாஸ்டர் ஹண்டர் வகையில் பெட்டை எல்க் கொண்டுவருவதைப் பார்க்கிறார். அவருக்கு வரும் கோபம் பொறாமை அல்ல. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

மான் சுடறது ஒரே வேலைதானே? இதுல மாஸ்டருக்கு மட்டும்னு ஏன் ஒதுக்கணும்?

ஒரே வேலை இல்லை. எலன்ஸ்பர்க் ஊர் இருக்கும் கிட்டிடாஸ் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விளையும் திமோத்திப் புல் ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிறது. வாங்குபவர்கள் பச்சை நிறம் குறையாத, அழுக்கில்லாத புல்லுக்குத்தான் விலை தருவார்கள். ஓர் எல்க் ஒரு நாளைக்கு உலர் எடையில் ஏழு, எட்டு கிலோ தின்னும். தின்பதைவிட மிதிப்பது அதிகம். ஒரு டிசம்பர் காலையில் அப்படி ஒரு வயலின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். முதல்நாள் பாதி உருகிய மண் இரவில் மறுபடி உறைந்து, ஒவ்வொரு குளம்படியும் ஒரு கிண்ணம் போல இறுகிக் கிடந்தது. அடுக்கி வைத்திருந்த வைக்கோல் கட்டுகளில் கீழ்வரிசையை இழுத்துப் பிரித்து, மேலேயே சாணம் போட்டுவிட்டுப் போயிருந்தன. விவசாயி ஒன்றும் பேசவில்லை. பூட்ஸ் நுனியால் ஒரு கட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு வேலிக் கதவின் சங்கிலியை மாட்டினார்.

அந்த இடத்தில் சுடுவது என்றால் என்ன? இருநூறு கெஜத்தில் ஒரு வீடு. இன்னொரு பக்கம் அலுமினியப் பாசனக் குழாய். மந்தைக்குப் பின்னால் மாடுகள். எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு மண்ணில் போய் முடியும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது அமையாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஈரமான வயலில் வண்டியை இறக்கக் கூடாது. திறந்த கதவை மூட வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவு அழைப்பு வந்தால் புதன் காலை ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டும். கொம்பு கிடையாது, காட்டின் அழகு கிடையாது. மந்தையை அந்த வயலிலிருந்து கிளப்பிவிடுவதுதான் வேலை. இந்தச் சான்றுத் திட்டத்தின் நோக்கமாகத் துறை சொல்வதும் இதையேதான்: சேதம் செய்யும் விலங்குகளைக் கட்டுப்படுத்தும் வேட்டைகளுக்கு நம்பகமான ஆள் வேண்டும்.

விவசாயியே சுட்டுக்கலாமே? இல்ல வேலி போட்டுட்டா போச்சு.

வேலி இருக்கிறது. யாக்கிமா பக்கத்தில் எட்டடி உயரத்தில் 100 மைலுக்கு மேல் எல்க் வேலி ஓடுகிறது. நாச்செஸ் ஊருக்கு அருகில் ஓக் கிரீக்கில், கீழே இறங்கும் மந்தைக்குக் குளிர்காலத்தில் துறையே வைக்கோல் போடுகிறது. பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், நல்ல இடம். ஆனால் எல்லாப் பள்ளத்தாக்கையும் அடைக்க முடியாது. மரம் விழுந்து வேலி சாய்ந்தால் அந்த ஓட்டையை மந்தை ஒரே இரவில் கண்டுபிடித்துவிடும்.

விவசாயிக்குத் துறை அனுமதி கொடுப்பதும் உண்டு, பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடும் உண்டு. ஆனால் பொதுச் சொத்தான விலங்கை நிலக்காரர் மட்டும் சுடுவதைவிட, வேட்டைக்காரருக்கு அந்த வாய்ப்பு போவது மேல் என்பதே மாநிலத்தின் எண்ணம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

நானும் லைசென்ஸுக்குப் பணம் கட்டறேன். தோட்டாவுக்கு வரி கட்டறேன். மிருகம் எல்லாருக்கும் பொது. அதுல என்ன முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு?

வந்த கேள்விகளிலேயே வலுவானது இது. வாஷிங்டன் சட்டப்படி காட்டு விலங்கு மாநிலத்தின் சொத்து, அதாவது எல்லாருடைய சொத்து. 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத மத்திய வரி உண்டு. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத்தான் போகிறது. சான்று இருப்பவரும் இல்லாதவரும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள்.

வரலாறும் கேட்பவர் பக்கம் நிற்கிறது. இங்கிலாந்தில் 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருடத்துக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் போன்ற தகுதி இருந்தால்தான் வேட்டையாடலாம். குத்தகை விவசாயி தன் பயிரைத் தின்னும் முயலைக்கூடத் தொட முடியாது. அது 1831 வரை நீடித்தது. பிரான்சில் 1789 ஆகஸ்டில் பிரபுக்களின் வேட்டைச் சலுகையை ஒழித்தது புரட்சியின் முதல் காரியங்களில் ஒன்று. அமெரிக்க வேட்டை முறை அந்தப் பழைய முறைக்கு மறுப்பாக எழுந்தது. இங்கே தச்சரும் மருத்துவரும் ஒரே குலுக்கலில் நிற்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அதனால் எந்த ஒதுக்கீடாக இருந்தாலும் அதை நியாயப்படுத்தும் பொறுப்பு ஒதுக்குபவருடையது. நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். இந்தச் சான்று இல்லாவிட்டால் இந்த வேட்டை நடக்குமா? மேலே சொன்ன கிட்டிடாஸ் வயலில் நடக்காது. முன்பின் தெரியாத இருபது பேருக்கு அந்த விவசாயி கதவைத் திறக்க மாட்டார். அங்கே ஒதுக்கீடு யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. ஆனால் அதே சான்றைக் காட்டிப் பொதுக் காட்டில், எந்த வேட்டைக்காரரும் செய்யக்கூடிய பெட்டை எல்க் வேட்டையை ஒதுக்கினால் அது பறிப்புதான். குலுக்கலில் எட்டு வருடம் காத்திருப்பவரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அப்போ கோர்ட்டுக்குப் போனா ஜெயிக்கலாமா?

கஷ்டம். 1978இல் மொன்டானா வழக்கு ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்போது அங்கே உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு எல்க் உரிமம் வாங்கலாம். வெளிமாநிலத்தவரோ 225 டாலருக்குப் பல விலங்குகளுக்கான ஒரு கூட்டு உரிமம்தான் வாங்க முடியும். எல்க் வேட்டை ஒரு பொழுதுபோக்கு, அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லி நீதிமன்றம் மொன்டானாவின் பக்கம் தீர்ப்பளித்தது. சில மாநிலங்கள் வேட்டை உரிமையைத் தங்கள் அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கின்றன. வெர்மான்ட் 1777லேயே எழுதியது. வாஷிங்டனில் அப்படி ஒன்று இல்லை.

ஆனால் சட்டப்படி செல்லும் என்பதாலேயே நியாயம் என்று ஆகிவிடாது. மாநில மீன், வனவிலங்கு ஆணையம் வேட்டை விதிகளை வகுக்கும்போது பொதுக் கருத்து கேட்கிறது. பேச வேண்டிய இடம் அதுதான்.

20 மணி நேரம் சும்மா வேலை செய்யணுமாம். ரெண்டு ஷிஃப்ட் பார்க்கறவன் என்ன பண்ணுவான்?

நான் தொண்டு செய்த குழுவில் பாதிக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள். வேலி சரிசெய்யும் வேலை வார நாளில் வைத்திருந்தார்கள். எங்களோடு ஒரு முறை வந்தவர் ஒரு பழப் பொதி கிடங்கில் இரவு வேலை பார்ப்பவர். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கம்பியை இழுத்துப் பிடித்தபடியே கண்ணயர்ந்தார். அவரைப் போய் உறுதி போதாதவர் என்று யாராவது சொல்ல முடியுமா? அடுத்த முறை அவர் வரவில்லை.

பணத்தால் வரும் தடை சின்னது. நேரத்தால் வரும் தடைதான் பெரியது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொண்டு வேலையை சனி, ஞாயிறுகளிலும் மாலையிலும் வைக்கலாம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் கிடைக்குமாறு பரப்பலாம். இரண்டு வருடத்தில் முடிக்கவும் விடலாம். தொண்டையே நீக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வேலி கட்டியவனுக்குத்தான் வேலி ஏன் சாய்கிறது என்று தெரியும்.

பேப்பர் டெஸ்ட்டும் குறி பார்க்கறதும் ஒருத்தன் நல்லவனான்னு காட்டிடுமா?

காட்டாது. குறி தவறாதவர் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகலாம். சட்டப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்பவர் விவசாயியிடம் மரியாதையில்லாமல் பேசலாம். தேர்வு அளப்பது குறைந்தபட்சத் திறமையை. காயப்படுத்தி ஓடவிடாமல் சுடத் தெரியுமா, எல்லை தெரியுமா என்பதை அது சொல்லும். அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் அதோடு முடிந்துவிடுவதும் இல்லை.

நடத்தையை அளப்பது அதற்குப் பின் வருவதுதான். தவறு செய்தால் சான்று போகும் என்ற பயம், விவசாயி ஒருவர் "இவரை இனி அனுப்பாதீர்கள்" என்று சொன்னால் அது காதில் விழும் என்ற நிலை. தேர்வைக் கடினமாக்குவதைவிட, நிலக்காரரின் அந்தப் புகாரைக் கேட்கும் வழியைச் செம்மையாக்குவதே பயன் தரும்.

இளையோருக்கு, வயசானவங்களுக்கு ஒதுக்கறது சரின்னா இது மட்டும் ஏன் தப்பு? ஏலத்துல விடறாங்களே, அது?

இளையோருக்கு ஒதுக்குவது, எல்லாரும் ஒரு காலத்தில் இளையோராக இருந்தோம் என்பதால் யாருக்கும் உறுத்தாது. 65ஐ எல்லாரும் எட்டலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குவது, உடல் போடும் தடையைக் கொஞ்சம் சமன் செய்வது. இவை எதுவும் "நீ உயர்ந்தவன்" என்று சொல்லவில்லை. வேட்டைக் கல்வி ஆசிரியர்களுக்கென்று சில பெர்மிட்டுகள் உண்டு. அது பல வருடம் சம்பளமில்லாமல் பாடம் எடுத்ததற்கு நன்றி. எண்ணிக்கை மிகக் குறைவு, அதனால் யாரும் குறை சொல்வதில்லை.

ஏலம் வேறு. மாநிலம் சில பெர்மிட்டுகளை அமைப்புகள் வழியாக ஏலத்தில் விடுகிறது, பெரும் தொகைக்குப் போகும். பணம் வனவிலங்குப் பணிக்குத்தான் செலவாகிறது, அது உண்மை. ஆனாலும் 1671ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசனை எனக்கு மாஸ்டர் ஹண்டரைவிட ஏலத்தில்தான் அதிகம் வருகிறது. சான்றை உழைத்து வாங்கலாம். ஏலத்தில் பணம் இல்லாதவனுக்கு வழியே இல்லை.

ஜெர்மனியில எல்லாருமே கஷ்டமான பரீட்சை எழுதணுமாமே? இங்கேயும் அப்படி வச்சுட்டா பிரச்சினை தீர்ந்துடும் இல்ல?

ஜெர்மனியில் வேட்டைத் தேர்வு உண்மையிலேயே கடினம். உயிரியல், நோய்கள், சட்டம், ஆயுதம், நாய், இறைச்சிச் சுத்தம் என்று பல பாடங்கள். அதைப் "பச்சை அபிட்டூர்" என்பார்கள். அபிட்டூர் அவர்களுடைய பள்ளியிறுதித் தேர்வு, நம் கணக்கில் "பச்சைப் பிளஸ் டூ". எல்லாருக்கும் ஒரே தேர்வு என்பதால் அங்கே வேட்டைக்காரர்களுக்குள் இரண்டு வகுப்பு இல்லை.

ஆனால் அங்கே வேட்டை உரிமை நிலத்தோடு போகிறது. தொடர்ச்சியாக 75 ஹெக்டேர் வைத்திருப்பவருக்குத் தனி வேட்டைப் பகுதி. சிறு நிலக்காரர்கள் சேர்ந்து தங்கள் பகுதியைக் குத்தகைக்கு விடுகிறார்கள். தேர்வில் தேறிய பிறகும் வேட்டையாட இடம் வேண்டும், அதற்குப் பணமோ ஆள் பழக்கமோ வேண்டும். இங்கே தேசியக் காட்டில் யாரும் போகலாம். பத்து வயதுப் பிள்ளை தேறக்கூடிய தேர்வும் எல்லாருக்கும் திறந்த காடும்தான் இந்த முறையின் உயிர். ஒரு வயல் வேலைக்காக எல்லாருக்கும் வாசலை உயர்த்துவது பிழை.

பழங்குடி மக்கள் பெர்மிட்டே இல்லாம வேட்டையாடறாங்களே, அது மட்டும் நியாயமா?

இதைச் சலுகை என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் வருகிறது. 1854, 1855இல் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் இங்குள்ள பழங்குடிகளோடு ஒப்பந்தங்கள் போட்டார். அவர்கள் பெரும் நிலப்பரப்பைக் கொடுத்தார்கள். அதே ஒப்பந்தத்தில், திறந்த, யாரும் உரிமை கொண்டாடாத நிலத்தில் வேட்டையாடும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். யாரும் கொடுத்த உரிமை அல்ல, அவர்கள் விட்டுக்கொடுக்காத உரிமை. பழங்குடி அரசுகளே தங்கள் மக்களுக்குப் பருவமும் விதியும் வகுக்கின்றன. மாநிலத்தின் வடமேற்கில் ஸ்காஜிட் பக்கத்து வடக்குக் கேஸ்கேட் மந்தைக்கு அவையும் மாநிலமும் சேர்ந்தே எண்ணிக்கை முடிவு செய்கின்றன.

மாஸ்டர் ஹண்டரோடு இதை ஒப்பிடவே கூடாது. சான்று என்பது மாநிலம் தந்து மாநிலமே எடுத்துக்கொள்ளக்கூடியது.

நான் எச்-1பி விசால இருக்கேன். எனக்கு இந்தப் பேச்செல்லாம் பொருந்துமா?

கவனமாக இருங்கள். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. வாஷிங்டனில் அதோடு ஷெரிஃப் அலுவலகத்தில் வெளிநாட்டவருக்கான தனித் துப்பாக்கி உரிமமும் கேட்பார்கள். நண்பரின் ரைஃபிளைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விசா விஷயத்தில் தவறு நடந்தால் விலை பெரிது.

மாநிலத்தில் 90 நாள் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணத்தில் உரிமம் வாங்கலாம். வில் வேட்டைக்குத் துப்பாக்கிச் சட்டம் குறுக்கே வராது. நம்மவர்கள் சிலர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

நம்ம ஊர்ல காட்டுப்பன்னி வயலை அழிக்குது. அங்கேயும் இப்படி ஒரு சான்று கொண்டுவரலாமா?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இன் திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. அதனால் "என் வாய்ப்பைப் பறித்துவிட்டார்கள்" என்ற கேள்வியே அங்கே எழாது. சேதக் கட்டுப்பாடு மட்டும்தான் இருக்கிறது. கேரளம் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்துப் பன்றியைச் சுட வழி செய்தது. தமிழ்நாடு வேறு வழியில் போனது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினரே சுடுவார்கள் என்று 2025இல் முடிவானது.

கேரள முறையில் ஒரு நடைமுறைக் கேள்வி இருக்கிறது. சுடுபவருக்கு உரிமம் உண்டு, சரி. அவருக்கு இரவில் வயலோரத்தில், வீடுகளுக்கு நடுவே சுடும் பயிற்சி உண்டா? மாஸ்டர் ஹண்டர் முறையிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால் அந்தச் சோதனைதான்.

நீங்களே சான்று வச்சிருக்கீங்க. அப்போ எதை மாத்தணும்னு சொல்வீங்க? உங்களுக்கு நஷ்டம் வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.

சொல்கிறேன். முதலாவது, மேலே சொன்ன ஒரே கேள்வியை ஒவ்வொரு மாஸ்டர் ஹண்டர் வேட்டைக்கும் துறை எழுத்தில் பதிலாகத் தர வேண்டும். எந்த வயல், என்ன சேதம், பொது வேட்டைக்காரரை ஏன் விட முடியாது. பதில் இல்லாத வேட்டைகளைப் பொதுக் குலுக்கலுக்குத் திருப்ப வேண்டும். எனக்குப் பிடித்த ஒரு வேட்டை அப்படிப் போய்விடும் என்று தெரியும். அது பெரும்பாலும் பொது நிலம். வயலோரம் கொஞ்சம்தான்.

இரண்டாவது, சில சேத வேட்டைகளில் சான்று உள்ளவர் இரண்டாவது எல்க் டேக் வாங்க வழி இருந்திருக்கிறது. பொது வேட்டைக்காரர் ஒன்றுக்கே வருடக்கணக்கில் காத்திருக்கும்போது அது கண்ணை உறுத்துகிறது. அழைப்பு வந்து யாருமே போக ஆளில்லாத இடங்களுக்கு மட்டும் அதை வைக்கலாம். மூன்றாவது, பெட்டை எல்க் இறைச்சி. சேத வேட்டையில் கிடைப்பதில் ஒரு பங்கை உணவு வங்கிக்குக் கொடுக்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. இதை விதியாக்கினால் யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, இவ்ளோ கேட்டாச்சு. இந்த வருஷம் நான் விண்ணப்பிக்கட்டுமா, வேண்டாமா?

பெரிய கொம்பு வேண்டும் என்றால் வேண்டாம். குலுக்கலில் புள்ளி சேர்த்துக்கொண்டே இருங்கள். அழைத்த மறுநாள் காலையில் லீவு போட முடியாது என்றாலும் வேண்டாம், உங்களை நம்பி ஒரு விவசாயி காத்திருப்பார். கிழக்குப் பக்கத்திலோ ஸ்காஜிட் பக்கத்திலோ குடியிருந்து, வெறுங்கையோடு வீடு திரும்ப மனம் ஒப்பும் என்றால் போடுங்கள்.

விண்ணப்பம் ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். அதற்கு முன்பே தொண்டு வேலையைத் தேடித் தொடங்கிவிடுங்கள். குளிர்காலத்தில் வேலி வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. தடித்த கையுறை எடுத்துக்கொண்டு வாருங்கள். முள்கம்பி மெல்லிய துணியைக் கிழித்துவிடும், என் இடது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.